தில்லை மரமும் பள்ளி முற்றமும்

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. ஊருக்கு அப்பெயரை வழங்கியது ஒரு மரம். கழிமுகச் சேற்று நிலத்தில், அலையாத்திக் காடுகளின் மேட்டு விளிம்பில் வளர்வது அது. இன்று நகரத்தின் வீதிகளில் அம்மரத்தைத் தேடிக் காண்பது அரிது. கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் பிச்சாவரம் காட்டை அடைந்தால் தில்லையைக் காணலாம். காடு விலகிப் போய்விட்டது; பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வட்டாரப் பள்ளி ஒன்றின் மாணவர்களோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அலையாத்திக் காடு என்றால் என்ன என்று வினவினோம். பாடநூலில் உள்ள வரையறையைப் பிழையின்றி ஒப்பித்தனர். அக்காட்டின் மரம் ஒன்றையேனும் தொட்டுப் பார்த்தவர் யார் என்று கேட்டபோது வகுப்பில் ஒரு கையும் உயரவில்லை. சன்னலுக்கு வெளியே பள்ளியின் முற்றம் சிமெண்டுத் தளமாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு காலத்தில் வேப்பமரங்கள் இரண்டு நின்றன என்று ஆசிரியர் ஒருவர் கூறினார்.

அன்று நம் உள்ளத்தில் எழுந்த வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய். குழந்தை தன்னைச் சூழ்ந்த மண்ணையும் நீரையும் மரத்தையும் கற்பதற்குரிய இடமாகப் பள்ளியின் முற்றம் என்றேனும் இருந்ததா? இருந்ததெனின் அது எவ்வாறு கைநழுவிப் போயிற்று? அதனை மீட்பதற்கு வழி உண்டா? கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை நடுவாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது பயன்தரும் என்று கருதுகிறோம்.

மணலே பலகையாக

ஆங்கிலேயர் வருகைக்கு முன்னும், அவர்தம் ஆட்சி வேரூன்றிய பின்னரும் நெடுங்காலம் தமிழகத்தில் எழுத்தறிவைப் பரப்பியவை திண்ணைப் பள்ளிகளே. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்ட ஆட்சியர்களிடம் நாட்டுக் கல்வியைப் பற்றிய விவரங்களைக் கோரினார். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காட்டிலிருந்தும் அறிக்கை சென்றது. அவற்றையெல்லாம் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் இருந்த பள்ளிகளின் எண்ணிக்கை 12,498. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, பள்ளிவாசலின் தாழ்வாரமோ, மரநிழலோ அவற்றின் வகுப்பறை. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதியே குழந்தை அகரம் பயின்றது. மணலில் கை தேறிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வந்தன.

இந்த மணல் கடல் கடந்து சென்ற வரலாறு சுவையானது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து மதகுரு. நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தின் தொடக்க வகுப்பில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த பணியும் அதுவே. 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட நூல் வாயிலாக அது 'மதராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. கடற்கரை மாகாணத்தின் மணல், இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கும் எழுதுபலகையாயிற்று.

ஆயினும் பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையை மறைத்தல் தகாது. திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அதன் படியேறவும் உரிமையில்லை. பெண்குழந்தைகள் அங்கு மிகச் சிலரே. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்க வேண்டியிருந்ததே இதற்குச் சான்று. எனவே திறந்தவெளிக் கல்வியை மீட்பது பற்றிப் பேசும்போது, அந்த வெளி எல்லோருக்கும் உரியதாக இருத்தல் வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்தல் கடன்.

பள்ளிவாசல் முற்றம்

வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த பரங்கிப்பேட்டையை, மஹ்மூது பந்தர் என்னும் பெயரால் நம் முன்னோர் அறிந்திருந்தனர். சீறாப்புராணம் நிறைவுற வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின் உமறுப்புலவரைப் புரந்த அபுல் காசிம் மரைக்காயர் வாழ்ந்த ஊர் அது. இத்தகைய கடற்கரைப் பட்டினங்களில் குழந்தையின் முதல் கல்விக்கூடம் பள்ளிவாசலை ஒட்டிய ஓதும் பள்ளியாகவே இருந்தது. தொழுமிடத்துக்கு முன்னால் திறந்த வெளி, ஓரத்தில் ஹவுள் அல்லது குளம், அதன் கரையில் நிழல்மரம் என்பது பல பள்ளிவாசல்களின் அமைப்பு. பாடம் முடிந்த குழந்தைகள் விளையாடியதும் அவ்வெளியிலேயே. ஓதி முடித்த குழந்தையை விளையாட விடுதல் வேண்டும், ஓய்வின்றிப் பாடத்தில் அழுத்தினால் அதன் உள்ளம் மழுங்கும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் வலியுறுத்திய கருத்து.

இவ்வெளியில் அறிவியலும் இருந்தது. கடிகாரம் பரவாத காலத்தில் லுஹருக்கும் அஸருக்கும் நேரம் அறிவித்தது, வெயிலில் நட்ட கோலின் நிழல். நிழல் மிகக் குறுகி மீண்டும் நீளத் தொடங்கும் கணத்தில் பொழுது உச்சி சாய்கிறது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரை ஊர்களில், அந்த உச்சி நிழலைக் கழித்து எஞ்சும் நிழல், கோலின் நீளத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது. ஹனஃபீ மத்ஹபில் அது இருமடங்காக வேண்டும். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் நேரம் கணிப்பவராகப் பணியாற்றிய இப்னு ஷாத்திர் அங்கே அமைத்த பெரிய நிழற்கடிகாரம், இக்கலையின் உச்சம். நம் ஊர் மோதினார் நட்ட கோல் அதன் எளிய உறவினன்.

செடிகொடிகளைப் பற்றிய அறிவும் வெளியில் நடந்து பெற்றதே. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அபூ ஹனீஃபா அத்தீனவரி, அரபு நாட்டின் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலில் பாலை மக்களிடையே வழங்கிய செடிப்பெயர்களையும் செய்திகளையும் பதிவு செய்தார். பதினோராம் நூற்றாண்டில் தோலீதோவிலும் பின்னர் இஷ்பீலியாவிலும் அரச தோட்டங்களைப் பேணிய இப்னு பஸ்ஸால், ஏட்டறிவை விடத் தம் கைப்பட்ட அனுபவத்தையே நம்பி வேளாண்மை நூல் எழுதினார். மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், வட ஆப்பிரிக்கா நெடுகிலும் நடந்து மூலிகைகளைத் திரட்டினார். தோட்டத்தைக் கல்விக்கு அணியாக மட்டும் கருதாமல் கல்வியின் களமாகவே கருதிய மரபு நமக்கு உண்டு என்பதை இவர்கள் உணர்த்துகின்றனர்.

சுவர்கள் எழுந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்சி மாறியது. அரசு மானியம் பெறும் பள்ளிக்குக் கட்டடம், பெஞ்சு, கால அட்டவணை, ஆய்வாளர் வருகை ஆகியன இன்றியமையாதவை ஆயின. மணலின் இடத்தைக் கற்பலகையும் பின்னர்த் தாளும் கைப்பற்றின. நோயும் மழையும் தாக்கும் நாட்டில் நல்ல கட்டடம் தேவைதான்; அதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆனால் கட்டடம் வந்தபோது, கல்வி நிகழ்வது சுவர்களுக்குள் மட்டுமே என்னும் எண்ணமும் உடன் வந்தது. வெளி என்பது பாடம் முடிந்தபின் செல்லுமிடம் ஆயிற்று.

அதே நூற்றாண்டில்தான் இவ்வட்டாரத்தின் சூழலும் பேரளவில் குலைந்தது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். தாது சேலம் பகுதியிலிருந்து வந்தது. உருக்குவதற்கு நிலக்கரி கிடையாது, மரக்கரியே எரிபொருள். இங்கு உருக்கிய இரும்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை சென்றது. எரிபொருளுக்கான காடு குறையக் குறைய ஆலையும் தளர்ந்து, சில பத்தாண்டுகளில் மூடப்பட்டது. நம் மாணவர்கள் தொழிற்புரட்சியைப் பற்றிப் பல பக்கங்கள் படிக்கின்றனர். அதன் உலை ஒன்று தம் மாவட்டக் கடற்கரையில் எரிந்ததும், அதற்காகக் காடுகள் கரியானதும் அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

சுவர்களுக்குள் அடைபட்ட கல்விக்கு மாற்றுத் தேடியவர்கள் உலகெங்கும் தோன்றினர். ஜெர்மனியின் ஃபுரோபெல் 1840இல் தம் மழலைப் பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அதே நாட்டின் சார்லட்டன்பர்க்கில் 1904இல் நலிவுற்ற குழந்தைகளுக்கென வனத்தினுள் திறந்தவெளிப் பள்ளி தொடங்கப்பட்டது. வங்கத்தில் தாகூர் 1901இல் சாந்திநிகேதனின் மரநிழல்களில் தம் பள்ளியை நடத்தத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்குள்ள மலையும் ஓடையும் பூச்சியும் செடியும் அவர்தம் கல்விக் கொள்கையின் பிற்கால வளர்ச்சிக்குத் துணைநின்றன.

இவ்வரிசையில் நம் வாசகர்கள் சிறப்பாக நினைவுகூர வேண்டியவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, புதிய பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கியது. ஜாமிஆ மில்லியாவின் துணைவேந்தராக இருந்த அவர், அவ்வாண்டு டிசம்பரிலேயே அறிக்கையை அளித்தார். ஏழு முதல் பதினான்கு வயது வரை கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வி. அத்தொழில்களுள் வேளாண்மையும் தோட்டக்கலையும் அடக்கம். சுற்றுப்புறத்தை உற்றுநோக்கும் அறிவியல் பாடம். பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் மாளிகையிலும் ரோஜாச் செடிகளைப் பேணியவர், பள்ளித் தோட்டத்தை வெறும் அலங்காரமாகக் கருதவில்லை. வார்தாத் திட்டத்தை முஸ்லிம் லீக் கடுமையாக எதிர்த்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சமயக் கல்விக்கு அதில் இடமில்லை என்பது எதிர்ப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அவ்விவாதத்தின் புழுதியில், குழந்தையின் கையை மண்ணோடு இணைக்கும் கருத்தும் மறைந்துபோனது ஓர் இழப்பே. விடுதலைக்குப் பின் தமிழகத்தில் ஆதாரப் பள்ளிகள் பல தோன்றின. மதிப்பெண்ணே கல்வியின் அளவுகோலானதும் அவற்றின் தோட்டங்கள் களையிழந்தன.

காட்டிடம் கற்ற பாடம்

பள்ளிகள் வெளியை மறந்த காலத்தில், பல்கலைக்கழகம் ஒன்று வெளியைத் தேடிச் சென்றது. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தன் கடல்சார் உயிரியல் துறையைப் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தருகே அமைத்தது. பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா வளர்த்தெடுத்த அந்நிலையம், 1960களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையமாக உயர்ந்தது. கடலைக் கற்கக் கடற்கரைக்கே செல்லவேண்டும் என்னும் எளிய உண்மையை அது செயலில் காட்டியது.

பிச்சாவரம் காடும் ஒரு பாடத்தை வைத்திருந்தது. காலனிய ஆட்சியில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் சில பத்தாண்டுகள், அலையாத்தி மரங்கள் பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டு வந்தன. வெட்டிய இடத்தில் மீண்டும் முளைக்கும் என்பது கணக்கு, முளைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களில் காரணத்தைக் கண்டறிந்தனர். மரநிழலை இழந்த சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த தரை தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தில் புகுந்த உப்புநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியானது. உப்பு ஏறிய மண்ணில் விதை வேர்கொள்ளவில்லை. தீர்வும் எளிமையானதே. மீன்முள்ளைப் போல் நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதநீர் வந்து போக வழிசெய்தனர். அதன்பின் நட்ட கன்றுகள் தழைத்தன. இருளர் உள்ளிட்ட உள்ளூர் மக்களும் வனத்துறையினரும் இப்பணியில் பங்கேற்றனர். நிழல், தரைமட்டம், நீரோட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்க்கத் தெரிந்தவர்க்கே அக்காடு தன் நோயைச் சொன்னது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, இம்மாவட்டக் கடற்கரையில் மரங்கள் அடர்ந்த இடங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என்றது. பரங்கிப்பேட்டை மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் அவருடைய சக ஆய்வாளரும் 18 குப்பங்களை ஆராய்ந்து இதையொத்த முடிவை வெளியிட்டனர். 2006இல் வேறு அறிஞர்கள் அதே தரவுகளை மறுபடியும் கணக்கிட்டனர். உயிரிழப்பின் வேறுபாட்டில் மிகப் பெரும்பகுதியை விளக்குவன கடலிலிருந்து ஊரின் தொலைவும் தரையின் உயரமுமே என்றும், மரங்களின் பங்கு அதனுடன் ஒப்பிடச் சிறிது என்றும் அவர்கள் வாதிட்டனர்.

இவ்விவாதத்தை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 'மரம் நம்மைக் காக்கும்' என்று சுவரில் எழுதிவைப்பது எளிது. எவ்வளவு காக்கும், எதிலிருந்து காக்கும், மேட்டுநிலமும் தொலைவும் எவ்வளவு காக்கும் என்று அளந்து பார்ப்பதே கல்வி. தம் பள்ளியின் தரை கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அறிந்த குழந்தை, ஆபத்துக் காலத்தில் எத்திசையில் ஓடவேண்டும் என்றும் அறியும். சுற்றுச்சூழல் பாடம் இக்கடற்கரையில் உயிர்காக்கும் பாடமாகும்.

சட்டமும் முற்றமும்

சட்டம் இதனை மறந்துவிடவில்லை. எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22இல், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு ஆணையிட்டது. 2003 டிசம்பரில் எல்லா வகுப்புகளுக்கும் மாதிரிப் பாடத்திட்டம் வகுக்கச் செய்தது. 2001-02ஆம் ஆண்டில் நடுவண் அரசு தேசிய பசுமைப்படையைத் தொடங்கிப் பள்ளிகளில் சூழல் மன்றங்களை ஏற்படுத்தியது. 2005இன் தேசியக் கலைத்திட்டம், பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியிலுள்ள வாழ்வோடு இணைக்க வேண்டும் என்றது. எனினும் நடைமுறையில் விளைந்தது பெரும்பாலும் மற்றொரு பாடநூலே.

முற்றத்தைப் பற்றிய சட்டங்கள் வேறொரு துயரத்தின் விளைவாக வலுப்பெற்றன. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளியொன்றில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. குறுகிய இடத்தில் குழந்தைகளை அடைத்துவைக்கும் கொடுமை அன்று நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. அதன்பின் இடவசதி பற்றிய விதிகள் கடுமையாயின. 2009இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், விளையாட்டுத் திடலையும் சுற்றுச்சுவர் அல்லது வேலியையும் பள்ளியின் இன்றியமையாத உறுப்புகளாகத் தன் அட்டவணையில் சேர்த்தது. ஆக, சட்டத்தின் பார்வையில் சூழல் என்பது ஒரு பாடம்; முற்றம் என்பது ஒரு பரப்பளவு. இரண்டையும் இணைக்கும் சொல் சட்டத்தில் கிட்டவில்லை.

அந்த இணைப்பைச் செய்தவர்கள் சில கட்டடக் கலைஞர்களும் ஆசிரியர்களும். பள்ளியின் கதவு, படி, தூண், தரை யாவற்றையும் கற்றல் கருவியாக்கும் 'பாலா' என்னும் திட்டத்தைக் கபீர் வாஜ்பேயி உள்ளிட்டோர் யுனிசெஃப் துணையுடன் உருவாக்கினர். கதவு திறக்கும் தரையில் கோண அளவுகளை வரைந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கணிதம் நிகழும். முற்றத்துக்கும் இதே நெறி பொருந்தும். தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தையைப் பெஞ்சிலிருந்து தரைக்கு இறக்கியது. தரையிலிருந்து முற்றத்துக்கு ஓரடிதான்.

இக்கரைக்கு ஏற்ற முற்றம்

முற்றத்தை அமைப்பதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. இடத்தை அறிதலே தேவை. முதலில் ஒரு பகுதியை வெறும் மணலாகவே விட்டுவைக்க வேண்டும். நம் முன்னோரின் எழுதுபலகை அது. இன்றும் வரைபடம் வரையவும், ஆற்றின் போக்கைச் செய்து காட்டவும் அதைவிடச் சிறந்த பொருளில்லை.

அடுத்து ஒரு கோல். சிதம்பரத்தின் தலைக்கு நேராக ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும், நண்பகல் கதிரவன் வருகிறது. அன்று உச்சிப்பொழுதில் கோலுக்கு நிழலே இராது. இவ்விரு நாள்களுக்கும் இடையில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். நிழலற்ற அந்நாளில் ஷாஃபிஈ கணக்குப்படி அஸர் தொடங்கும்போது, கதிரவன் தொடுவானிலிருந்து சரியாக 45 பாகை உயரத்தில் நிற்கும். வடிவியலும் வானியலும் வணக்கமும் ஒரே கோலில் சந்திக்கும் பாடம் இது.

மூன்றாவது மழை. இம்மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்வது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30,000 லிட்டர் நீர் விழுகிறது. சிமெண்டுத் தளமாயின் அத்தனையும் தெருவுக்கு ஓடும். மண்ணாயின் எவ்வளவு உட்செல்லும்? அடி நீக்கிய தகரக் குவளையை மண்ணில் அழுத்தி, நீர் ஊற்றி, அது வற்றும் நேரத்தை மாணவரே அளக்கலாம். காலடி பட்டு இறுகிய இடத்துக்கும் மரத்தடிக்கும் உள்ள வேறுபாடு அவர்களை வியக்கவைக்கும். கிணற்று நீர், மழைநீர், கடல்நீர் மூன்றையும் ஒரே அளவில் தனித்தனித் தட்டுகளில் வெயிலில் வைத்தால், எஞ்சும் உப்பு நிலத்தடி நீரின் கதையைச் சொல்லும். பள்ளியில் ஒளுச் செய்யுமிடம் இருப்பின், அதில் வழியும் சோப்புக் கலவாத நீரை வாய்க்கால் வழியே செடிகளுக்குத் திருப்பலாம்.

நான்காவது மரம். இங்கு எச்சரிக்கை தேவை. 2011 டிசம்பர் 30இல் கரைகடந்த தானே புயல் இம்மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் ஏராளமாகச் சாய்த்தது. எனவே எளிதில் முறியும் மரங்களை வகுப்பறைச் சுவரை ஒட்டி நடலாகாது. உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை, பூவரசு, புங்கம், வேம்பு ஆகியவை பொருத்தமானவை. எல்லையோரத்தில் பனை நிற்கலாம். பிற்பகல் வெயிலைத் தடுக்கும் வகையில் மேற்குப் பக்கம் நிழல் அமைதல் நன்று. வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இவ்வூருக்குப் பெயர் தந்த தில்லையை மட்டும் பள்ளி முற்றத்தில் நடலாகாது. அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையைச் சிலகாலம் மறைக்கவும் கூடும். தில்லையை அதன் காட்டில், அறிந்தவர் துணையோடு, தள்ளிநின்று காணவேண்டும். எந்த மரத்துக்கு எவ்விடம் என்று அறிவதும் கல்வியே.

நம் பொறுப்பு

இவற்றுக்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு; அவற்றை அலட்சியம் செய்தல் முறையன்று. மண் தரையில் மழைக்காலத்தில் சேறு படியும். புதரில் பாம்பு வரும். நிலத்தின் விலை ஏறிவிட்டது. தேர்வுக்கு நேரம் போதவில்லை என்பர். சேற்றுக்கு நடைபாதையும் வடிகாலும் போதும். முற்றம் முழுவதையும் மூடத் தேவையில்லை. பாம்புக்கு அஞ்சினால் புதரைக் களையலாம். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நிலவிலையைப் பொறுத்தவரை, முற்றத்தை விழுங்கி எழும் ஒவ்வொரு வகுப்பறையும் அதிலுள்ள குழந்தைக்கு மூச்சுவிடும் இடத்தைக் குறைக்கிறது என்பதைக் கும்பகோணத்துக்குப் பின்னும் நாம் உணராதிருத்தல் கூடாது. தேர்வு பற்றிய அச்சமே கடினமானது. அளந்து, எழுதி, ஒப்பிட்டு, ஐயுற்றுப் பழகிய மாணவர் தேர்விலும் தாழமாட்டார் என்று நாம் நம்புகிறோம். அந்நம்பிக்கையை மெய்ப்பிக்கும் கடமை முயன்று பார்க்கும் பள்ளிகளுடையது.

நம் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளிகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கடற்கரை ஊர்களில் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் பெரும் பொருட்செலவில் பள்ளிகள் எழுப்பியிருப்பது பெருமைக்குரியது. பெண்பிள்ளைகள் அங்குத் திரளாகப் பயில்கின்றனர். வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையே அவர்களுக்குக் கிட்டும் ஒரே திறந்தவெளி, பல ஊர்களில் அந்தப் பள்ளியின் முற்றமே. அதனைச் சிமெண்டால் மூடி வாகனம் நிறுத்துமிடமாக்குவது, வெளியை அவர்களிடமிருந்து மறுபடியும் பறிப்பதாகும். வக்ஃபு நிலங்களும் பள்ளிவாசல் குளங்களும் பள்ளிக்கு அருகிலேயே இருக்கும் ஊர்களில், அவற்றையும் மாணவரின் ஆய்வுக்களமாக்கலாம். நிலையான தர்மம் என்னும் கருத்தை அறிந்த சமுதாயத்துக்கு, ஒரு நிழல்மரத்தை நட்டு அதனைப் பேணும் பொறுப்பைக் குழந்தைகளிடம் ஒப்படைப்பதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

நாம் முன்னே குறிப்பிட்ட பள்ளியின் மாணவர்கள் சிலரை அவர்தம் ஆசிரியர் பின்னர்ப் பிச்சாவரத்துக்கு அழைத்துச் சென்றதாக அறிந்தோம். தில்லை மரத்தைத் தள்ளிநின்று கண்டனர். சுரபுன்னையின் வேர்களைத் தொட்டுப் பார்த்தனர். திரும்பியதும் ஒரு மாணவி கேட்டாளாம்: 'ஐயா, நம் பள்ளியில் நின்ற வேப்பமரங்களை எதற்காக வெட்டினார்கள்?' ஆசிரியரிடம் விடையில்லை. நிர்வாகத்தினரும் பெற்றோரும் அவ்வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் நாளில், சிமெண்டுத் தளத்தின் ஒரு மூலையையேனும் பெயர்த்தெடுக்க ஒரு கடப்பாரை கிடைக்காமற் போகாது.